கடைசிச் சொம்பு

தங்கச்சியா என்று கேட்டீர்கள். இல்லைங்க, ஓரகத்தி. உள்ளே படுத்திருப்பவள் மூத்த மருமகள், நான் இளையவள். கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஒரே கடையில் ஒரே மாதிரி புடவை எடுத்துக் கொடுத்தால் யாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

பையனை இப்படிக் கொடுங்கள், உங்களுக்குக் கை வலிக்கும். வேண்டாமா? சரி, இருக்கட்டும். உங்கள் மடியில் எவ்வளவு சமத்தாகத் தூங்குகிறான் பாருங்கள். பத்து மாதம் ஆகிறது, என் மடியில் இப்படித் தூங்கியதில்லை. யார் மடியானாலும் சரி, பெற்றவள் மடி மட்டும் இவனுக்கு முள். துருவன் என்று பேர். பேரும் உள்ளே இருக்கிறவள் வைத்ததுதான்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை ஸ்கேன்தானே? அப்படியானால் நேரமாகும். எங்களுடையது ஸ்கேன் இல்லை. அந்தக் கடைசிக் கதவு, சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள், அதற்குள். ஒரு மணி நேரம். இன்றைக்குத்தான் முதல் தடவை.

எங்களுக்குக் கரூர். பஸ் பாடி கட்டும் பட்டறை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொழில், ஒன்றாகத்தான் வீடு. நான் திண்டுக்கல்லில் கான்வென்டில் படித்தவள். ப்ளஸ் டூவில் ஸ்கூல் செகண்ட். அவள் எட்டாவது. பேர் கோகிலவாணி. படிப்பைப் பற்றி நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அவளும் திறந்ததில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு தடவையாவது “உனக்கென்ன, படிச்சவ” என்று குத்திக் காட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவளுக்கு ஒரே பெண், தன்யா, ஆறு வயது. அத்தைக்கு அது போதவில்லை. நான் வந்தேன், ஆம்பளைப் பிள்ளை பெற்றேன். வீட்டில் நியாயமாக யார் பேச்சு ஓடியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். நாலு மாதம்கூட ஓடவில்லை. அதற்குள் அவளுக்குக் கட்டி வந்துவிட்டது.

கேட்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். இவன் இரண்டு கிலோவுக்குப் பிறந்தான். பச்சைக் குழந்தையை, நாம் காலை நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டுக் குளிப்பாட்டுவோம் இல்லையா, எனக்கு அது வரவில்லை. எண்ணெய்க் கையில் வழுக்கிவிடுவானோ, மூக்கில் தண்ணீர் போய்விடுமோ என்று உயிர் போகும். ஒரு நாள் உட்கார்ந்தேன். என் கால் நடுங்கிய நடுக்கத்தில் அவனே வீறிட்டுவிட்டான். “எந்திரி கண்ணு, நான் பாத்துக்கறேன்” என்று அவள் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அவள் காலில் போட்டதும் இவன் தவளை மாதிரி ஒட்டிக்கொள்வான். ஒவ்வொரு சொம்புக்கும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். “அசையாம இருங்க சாமி, இதுதான் கடைசிச் சொம்பு.” இவனும் நம்பி வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருப்பான். அதற்கப்புறம் பத்துச் சொம்பு ஊற்றுவாள். பச்சைப் பொய். குழந்தையிடம் பொய் பழக்கக் கூடாதுக்கா என்று நான் சொன்னேன். “தண்ணி தீர்ற வரைக்கும் எல்லாமே கடைசிச் சொம்புதான் சிந்து” என்றாள். எட்டாவது படித்தவளுக்கு வாய் பாருங்கள்.

சிந்துஜா என்பது என் பேர். வீட்டில் சிந்து என்று கூப்பிடுவது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் ‘சின்னவள்’.

தை மாதம் இருக்கும். “இந்தத் தொடை ஓயாம வலிக்குது சிந்து, பையனைக் கால்ல போட்டா உசிரு போகுது” என்றாள். என்னிடம்தான் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பாட்டி அலுத்துவிட்டது, சாக்குத் தேடுகிறாள் என்று நினைத்தேன். தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரானாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவளும் தேய்த்துக்கொண்டு குளிப்பாட்டினாள். பங்குனியில் வலது தொடை தனியாகப் புடவைக்கு மேல் தெரிகிற அளவுக்கு வீங்கிவிட்டது.

சதைக்குள் கட்டி. கெட்ட கட்டி. கரூரில் பார்த்தவர், உயிர் நிற்க வேண்டுமானால் காலை இடுப்போடு எடுக்க வேண்டும் என்றார். பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, கட்டியை உள்ளேயே சுட்டுச் சுருக்கிவிட்டால் கட்டியை மட்டும் வெட்டி எடுத்துக் காலைக் காப்பாற்றலாம், உறுதி இல்லை, முயற்சி செய்யலாம் என்றார்கள். எட்டுப் பேரைத்தான் சேர்க்கிறார்கள். ஏழாவது ஆள் இவள்.

வீட்டில் அன்றைக்குப் பார்க்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருத்தி, எட்டுப் பேரில் ஒருத்தி. பெரிய மாமா, அதாவது அவள் புருஷன், பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். ஸ்கூல் செகண்ட் வந்தபோது எங்கள் அப்பா எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். நல்ல பொறுமைசாலி. இரும்புத் துரு மாதிரி ஒரு தூள். தூள் என்றால் நம் கண்ணுக்குத் தெரிகிற தூள் இல்லை, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். அதைத் தண்ணீரில் கலந்து ஊசியால் கட்டிக்குள் ஏற்றிவிடுவார்கள். பிறகு தொடையைச் சுற்றி ஒரு காந்தச் சுருள். அந்தக் காந்தம் ஒரு விநாடியில் லட்சம் தடவை முன்னும் பின்னும் திசை மாறும். தூள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சூடாகும். சுற்றி இருக்கிற நல்ல சதையில் தூள் இல்லை, அதனால் அது தப்பித்துவிடும்.

பெரிய மாமா முப்பது வருஷமாக இரும்போடு கிடக்கிறவர். “எத்தனை டிகிரி மேடம்?” என்றார்.

“நாப்பத்திமூணு.”

“அதுக்கு எதுக்குங்க இவ்வளவு மெஷினு. சித்திரை வெயில்ல எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நிறுத்தினாப் போதுமே.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “வெயில் ஆளையே சுடும். இது கட்டியை மட்டும் சுடும்.”

மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனவர் அந்தத் தூணுக்குப் பின்னால் நின்று அழுததை நான் பார்த்தேன். எனக்குப் பிரசவ வலி வந்தபோது என் வீட்டுக்காரர் தினகரன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் விஷயம். இதில் நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காந்தம் என்பதால் உடம்பில் ஒரு குண்டூசி இரும்பு, செம்பு எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு பட்டியல். சம்மதப் பத்திரமெல்லாம் தமிழில் தந்தார்கள், இந்தப் பட்டியல் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. எலும்பில் பிளேட் உண்டா, இதயத்தில் கருவி உண்டா, பல்லில் கம்பி உண்டா, வெல்டிங் கிரைண்டிங் வேலை பார்த்தது உண்டா என்று இருபத்திரண்டு கேள்வி. “நீதான் படிச்சவ, நீயே எழுது” என்று அத்தை என் கையில் கொடுத்தார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் படிப்புக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் வேலை.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன், அவள் இல்லை இல்லை என்றாள், நான் டிக் அடித்தேன். பதினேழாவது கேள்வி, கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா.

வைத்திருந்தாள். தன்யா பிறந்த மறு வருஷத்திலிருந்து. வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் அதைக் காட்டிவரப் போனபோது என்னைத்தான் துணைக்கு அழைத்துப் போனாள்.

அத்தை எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மூத்தவளுக்கு ஆம்பளைப் பிள்ளை வேண்டிப் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டவர். இரண்டாவது பிள்ளை ஏன் தங்கவில்லை என்று ஏறாத கோயில் இல்லை.

கோகிலாக்கா என் முழங்கையை லேசாக அமுக்கினாள். “அதை விடு. அப்புறம் நர்ஸ்கிட்ட தனியாச் சொல்லிக்கறேன்” என்று காதோடு சொன்னாள்.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் லியோனி என்று ஒருவர் இருந்தார். கேள்விக்கு எதிரே காலியாக விடுவதும் பொய்தான் என்பார். எனக்கு அது ஊறிப்போய்விட்டது. நான் பேனாவை வைத்துக்கொண்டு, “காப்பர்-டி இருக்குன்னு போட்டுடறேன்க்கா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அத்தைக்குக் காது கொஞ்சம் கூர்மை.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தலையில் கையை வைத்துத் தடவினார், இப்போது முடி வளர்ந்துவிட்டது, இருந்தாலும் தடவினார். “நான் மசுரக் குடுத்தேன். இவ உள்ள கம்பிய வச்சிருந்திருக்கா” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நான் எழுதியது தப்பா? டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? “நல்லவேளை எழுதினீங்க. தொடையோட மேல்பக்கம் பாருங்க, சுருளுக்கு ரொம்பக் கிட்ட இருந்திருக்கும், அதுவும் சேர்ந்து சூடாகியிருக்கும்” என்றார். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். டாக்டர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னார். வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் நர்ஸிடம் சொல்லியிருப்பாள் என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம். நான் எப்படி அதை நம்பி விடுவது.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னென்ன பதில் சொல்வது என்றுகூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். குளித்தலை தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள். “போன வருசமே எடுத்துடலாம்னு இருந்தேன் சிந்து. அதுக்குள்ள இவன் பொறந்தான். இவன் எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.” அவ்வளவுதான். இவன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்காகத் தியாகம் செய்தாளாம். யார் கேட்டார்கள், சொல்லுங்கள். நான் கேட்டேனா? இனிமேல் ஏற்றப்போகிற மருந்துகளுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதையும் என் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கால் போனாலும் அப்படித்தான். பெரியவள் நொண்டி நொண்டிப் போகும்போதெல்லாம் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

போன வாரம் ஊசி போட்டார்கள். போட்டதும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இரும்பு தங்கிய இடமெல்லாம் படத்தில் மை கொட்டிய மாதிரி கறுப்பு. கட்டி முழுக்க நல்லாப் பரவியிருக்கு என்று டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அத்தை, மாமா, தினகரன், எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். துருவன் என் வயிற்றில் இருந்தபோது எடுத்த படத்தை நான்தான் தனியாக ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

இதைப் பார்க்கிறீர்களா? நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து உங்கள் கண் என் கழுத்துக்குப் போய்ப் போய் வருகிறது. கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். ஆமாம், இரண்டு தாலிக்கொடி. ஒன்று அவளுடையது.

உள்ளே போகும் முன் கழற்றச் சொன்னார்கள். மெட்டி, தோடு, தாலி எல்லாம். அவள் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு, அவ்வளவுதான். கழற்றிய தாலியைப் பையில் போடக் கூடாது, சுமங்கலி கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். அத்தை கட்டுக்கழுத்து இல்லை, மாமனார் தவறி எட்டு வருஷமாகிறது, அதனால் தொடவே மாட்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், நான்தான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு மூத்த மருமகளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு, “சின்னவ கழுத்துல போடு.” அவளே கழற்றி அவளே என் கழுத்தில் போட்டாள். கை ஜில்லென்று இருந்தது. அத்தை அதைப் பார்க்க நிற்காமல் வாசல் பிள்ளையாரிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூத்த மருமகள் கொடி ஏழு பவுன், உன்னுடையது ஐந்துதான் என்று எங்கள் அம்மா கல்யாணத்தன்றே காதில் போட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாக அது என் மனசில் கிடக்கிறது. இன்றைக்குக் கழுத்தில் தொங்குகிறது.

இருங்கள், நர்ஸ் வருகிறார்.

சிந்துஜா யார் என்கிறீர்களா? நான்தான் சிஸ்டர். என்ன ஆச்சு?

கேட்டீர்களா? காலை அசைக்கிறாளாம். பாதி நேரம் ஓடியிருக்கிறது, சூடு ஏறியதும் பயந்துபோய் உதறுகிறாளாம். சுருளுக்குள் கால் அசைந்தால் நிறுத்திவிட வேண்டுமாம். இன்றைக்கு நிறுத்தினால் மறுபடி இவளை வைப்பார்களா என்று சொல்ல முடியாதாம். வைக்காவிட்டால் கால் அவ்வளவுதான். யாராவது பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுத்தால் அடங்குவாள் என்கிறார்.

சிஸ்டர், அவங்க வீட்டுக்காரர் அங்கேதான் நிற்கிறார். ஆமாம், அவர் போக முடியாது. கண்ணிலேயே இரண்டு தடவை இரும்புத் துகள் எடுத்திருக்கிறார்கள், உடம்பில் இன்னும் எங்கெங்கே இருக்கிறதோ, பட்டியலில் அவரைத்தான் முதலில் தள்ளுவார்கள். அத்தைக்கு முட்டியில் ஸ்டீல். வேறு ஆள் இல்லை, அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

இல்லையா? அவள் அவரைக் கேட்கவே இல்லையா?

என் பேரையா சொன்னாள்? சிந்து என்றா சொன்னாள்?

வருகிறேன் சிஸ்டர். ஒரு நிமிஷம். என் வளையல், தோடு, இந்த ஊக்கு. தாலியுமா? என்னுடையதும் கழற்ற வேண்டுமா?

அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் கட்டுக்கழுத்தோடு இருப்பதைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன் போலிருக்கிறது. இதைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறீர்களா? இரண்டையும். அரை மணி நேரம்தான். ஐயோ, பின்னிக்கொண்டுவிட்டது. இதோ, இது ஒன்று. இது ஒன்று.

கையில் தூக்கிப் பார்த்தீர்களே, எது கனம்? ஒரே மாதிரியா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், ஏழும் ஐந்தும் எப்படி ஒரே மாதிரி இருக்கும். கொடுங்கள் பார்க்கலாம்.

ஆமாம்.

இதில் எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பரவாயில்லை, அவளுக்குத் தெரியும், வெளியே வந்ததும் அவளே சொல்வாள்.

வந்துவிட்டேன் சிஸ்டர்.

பையன் எழுந்தால் அழுவான். தட்டிக்கொடுத்தால் அடங்க மாட்டான். “அசையாம இருங்க சாமி, இதுதான் கடைசிச் சொம்பு” என்று சொல்லுங்கள், அடங்கிவிடுவான். யார் சொன்னாலும் அடங்குவானா என்று தெரியாது. நான் சொல்லிப் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்கிறார். அவளிடம் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு சொம்புதான் என்று சொல்வேன்.